110 அடி நீள வீடு, ரேழியில் மோடம், கொல்லை மாடியில் வேலை: ரிப்பீட்டர் வாங்கியும் பலனில்லை

கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
சனி, இரவு 9.40

வணக்கம். ரெண்டு மாசமா மண்டை காயுது. இங்க கொட்டிடறேன்.

தாத்தா காலத்து வீடு. அகலம் 18 அடிதான், நீளம் 110 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், ரெண்டாம் கட்டு, அடுக்களை, கிணத்தடின்னு ரயில் பெட்டி மாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. கடைசியில கொல்லையை ஒட்டி அப்பா 1998-ல ஒரு கான்கிரீட் ரூமும் அதுக்கு மேல ஒரு மாடி ரூமும் கட்டினார். பெங்களூர் கம்பெனிக்கு நான் வேலை பார்க்கறது அந்த மாடி ரூம்லதான். ஃபைபர் தெருவிலேர்ந்து வர்றதால மோடத்தை ரேழியில ஆணி அடிச்சு மாட்டிட்டுப் போயிட்டாங்க.

200 எம்பிபிஎஸ் வேகத்துல நெட் திட்டம். ரேழியில நின்னா 190 வருது. என் ரூம்ல 3, மிஞ்சினா 4. மீட்டிங்ல நான் பேசறது எனக்கே கேக்காத மாதிரி ஆயிடுது. மேனேஜர் "நீங்க கிணத்துக்குள்ளேர்ந்து பேசறீங்களா"ன்னு கேட்டார். கிணத்துக்குப் பக்கத்துலதான் சார்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு.

வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பற ரிப்பீட்டர் ஒண்ணு வாங்கி என் மேஜைக்குப் பக்கத்து பிளக்குலயே சொருகினேன். ஃபோன்ல வைஃபை கோடு முழுசா நிக்குது. வேகம் மட்டும் அதே 3. பெட்டி மேல "300 எம்பிபிஎஸ்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நான் ஏமாந்துட்டேனா, இல்ல தப்பா வச்சிருக்கேனா?


அன்பாக்சிங் (பெங்களூரு)
சனி, இரவு 9.58

ரிப்பீட்டரைத் தூக்கிப் போடுங்க. மூணு பெட்டி சேர்ந்து ஒரே வைஃபையா ஓடற மெஷ் செட் ஒண்ணு வாங்குங்க. ஆப்புல நாலு தடவை தட்டினா வேலை முடிஞ்சிடும். 2016-லயே வந்த டெக்னாலஜி, இன்னும் ரிப்பீட்டரைக் கட்டிக்கிட்டு அழறீங்களே.


ஏணி (திருச்சி)
சனி, இரவு 10.25

தம்பி, காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. எனக்கு வீடுவீடா ஏணி தூக்கிப் போய் நெட்வொர்க் போடறதுதான் தொழில், 14 வருஷமா. உங்க கதையை வாரத்துக்கு ரெண்டு தடவை கேக்கறேன்.

ரிப்பீட்டர் கெட்ட பொருள் இல்ல. வச்ச இடம்தான் தப்பு. ஃபோன்ல தெரியற கோடு உங்க ஃபோனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவுல இருக்கற சிக்னல். அது மேஜை மேலயே இருக்கு, முழுசாத்தான் காட்டும். ரிப்பீட்டருக்கும் ரேழி மோடத்துக்கும் நடுவுல என்ன இருக்குங்கறதை அந்தக் கோடு சொல்லாது. காது கேக்காத ஆளை நடுவுல நிறுத்தி "அங்க என்ன சொல்றாங்க"ன்னு கேட்டா, அவரு சத்தமாத்தான் சொல்லுவாரு, ஆனா தப்புத்தப்பா சொல்லுவாரு.

ரெண்டாவது விஷயம். ஒரே பட்டையில (அலைவரிசையில) வேலை செய்யற சின்ன ரிப்பீட்டர்னா வேகம் பாதியாயிடும். பந்தியில சாம்பார் வாளிக்காரர் ஒருத்தரே இருக்கார்னு வச்சுக்கங்க. அடுப்படிக்குப் போய் ரொப்பற நேரத்துல இலையில ஊத்த முடியாது. இலையில ஊத்தற நேரத்துல ரொப்ப முடியாது. அதுக்கும் ஒரு ரேடியோதான். மோடத்துக்கிட்ட வாங்கறதும் அதுலதான், உங்களுக்குக் கொடுக்கறதும் அதுலதான்.

நாளைக்குப் பகல்ல ஒரு வேலை செய்ங்க. ஆண்ட்ராய்டு ஃபோன்ல வைஃபை அனலைசர்னு தேடி ஏதாவது ஒரு ஆப் போடுங்க. ரிப்பீட்டரைக் கழட்டி வச்சுட்டு ரேழியிலேர்ந்து கொல்லை வரைக்கும் நடங்க. ஒவ்வொரு கட்டுலயும் நின்னு டிபிஎம் எவ்வளவுன்னு எழுதுங்க, அதான் சிக்னலோட பலம், மைனஸ்ல வரும், மைனஸ் எண் பெரிசாக ஆக சிக்னல் மோசம். வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு பட்டை, 2.4-க்குத் தனியா, 5-க்குத் தனியா. அதை இங்க போடுங்க, மத்ததைப் பேசிக்கலாம்.


வாடகைவீடு (சென்னை, வேளச்சேரி)
சனி, இரவு 11.02

கொஞ்சம் ரிப்பீட்டருக்கும் வக்காலத்து வாங்கிக்கறேன். நான் இருக்கறது வாடகை ஃபிளாட். சுவத்துல ஒரு ஆணி அடிச்சாலே ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல கழிப்பாரு. கேபிள் இழுக்கறதுங்கறது கனவு. ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல பாதை மாதிரி ஒரு இடம், அங்க ரெண்டு பட்டை இருக்கற ரிப்பீட்டர் வச்சிருக்கேன். மோடத்துக்கிட்ட 5-ல வாங்கி எனக்கு 2.4-ல கொடுக்குது. 100 எம்பிபிஎஸ் திட்டத்துல பெட்ரூம்ல 45, 50 வருது. மூணு வருஷமா ஓடுது.

கேபிள் போட முடிஞ்சவங்க கேபிள் போடட்டும். முடியாதவங்களை ஏளனமாப் பார்க்காதீங்க.


ஏணி (திருச்சி)
சனி, இரவு 11.10

ஏளனம் எங்கங்க பண்ணேன். நீங்க நடுவுல வச்சிருக்கீங்க, அவர் கடைசியில வச்சிருக்கார். வித்தியாசம் அவ்வளவுதான்.


கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
ஞாயிறு, காலை 11.30

அளந்துட்டேன் ஏணி அண்ணே. பெரியப்பா "ஃபோனைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு திருஷ்டி கழிக்கறியா"ன்னு கேட்டார்.

ரேழி: 2.4-ல மைனஸ் 35, 5-ல மைனஸ் 38.
கூடம்: மைனஸ் 50, மைனஸ் 57.
முற்றத்தோட பின்பக்கத் தாழ்வாரம்: மைனஸ் 58, மைனஸ் 66.
அடுக்களை: மைனஸ் 71, 5-ல மைனஸ் 83.
கிணத்தடி: மைனஸ் 74, 5 கண்ணுலயே படல.
மாடி ரூம்: மைனஸ் 84. 5 கிடையாது.

ஆச்சரியம் என்னன்னா, முற்றத்தைத் தாண்டறப்ப ஒண்ணும் பெரிசாக் குறையல. அதுக்கப்புறம்தான் மடமடன்னு விழுது.


எதிரொலி (திருநெல்வேலி)
ஞாயிறு, மதியம் 1.15

நான் தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அமெச்சூர் வானொலி பொழுதுபோக்கு. இந்தப் பட்டியலைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது, சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிபிஎம் கணக்கில் ஒவ்வொரு 3 குறைவுக்கும் திறன் பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. உங்கள் தாழ்வாரத்தில் மைனஸ் 58, மாடி அறையில் மைனஸ் 84. இடையே 26. அதாவது தாழ்வாரத்தில் கிடைக்கும் திறனில் ஏறக்குறைய 400-ல் 1 பங்குதான் உங்கள் மேஜைக்கு வருகிறது. காணொளிக் கூட்டம் தடங்கலின்றி நடக்க மைனஸ் 67-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. மைனஸ் 80-க்கு அப்பால் இணைப்பு இருப்பதுபோல் தெரியும், உபயோகம் இராது.

முற்றத்தில் குறையாததற்குக் காரணம் எளிது. அங்கே சுவர் இல்லை. காற்றில் தூரம் செல்வது அலைக்குப் பெரிய சுமை அல்ல. சுவர்தான் சுமை. பழைய பகுதியின் கூரை மெட்ராஸ் டெரஸ் என்று நினைக்கிறேன். தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டது. அதில் இரும்பு கிடையாது. உங்கள் தந்தையார் கட்டிய பகுதியின் தளத்திலோ கம்பி வலை பின்னியிருக்கும். மோடத்தின் அலை சாய்வாக மேலேறி அந்தத் தளத்தையும் துளைத்துத்தான் உங்களிடம் வரவேண்டும்.

5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 5.5 செ.மீ., 2.4-க்கு 12.5 செ.மீ. தடித்த சுவர் என்றால் முதலில் சோர்ந்துபோவது 5-தான். உங்கள் பட்டியலிலும் அதுவே தெரிகிறது.

ஒரு கேள்வி. மாடி அறையின் சன்னல் முற்றத்தைப் பார்த்ததா? அதில் கொசுவலை உண்டா? என்ன வலை?


கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
ஞாயிறு, மதியம் 2.05

ஐயா, நேர்ல வந்து பார்த்த மாதிரி சொல்றீங்க. மெட்ராஸ் டெரஸேதான். மாடி ரூம் ஜன்னல் முற்றத்துப் பக்கம்தான். போன வருஷம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொசுவலை போட்டோம்.


எதிரொலி (திருநெல்வேலி)
ஞாயிறு, மதியம் 2.20

அதுதான் நினைத்தேன். அலைக்கு இருந்த ஒரே நல்ல வாசலையும் உலோகத்தால் அடைத்திருக்கிறீர்கள். அலையின் நீளத்தைவிட மிகச் சிறிய கண்ணுள்ள உலோக வலை, அலைக்குத் தகடு மாதிரி. நைலான் வலையோ ஃபைபர் கிளாஸ் வலையோ தடுக்காது. சன்னலைத் திறந்து வைத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.


கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
ஞாயிறு, மதியம் 2.41

மைனஸ் 76!! எட்டு கூடியிருக்கு. வேகம் 11. கொசு மட்டும் பாக்கி.


அன்பாக்சிங் (பெங்களூரு)
ஞாயிறு, மாலை 4.00

எல்லாம் சரி, மெஷ் பத்தி யாரும் பதில் சொல்லலையே?


ஏணி (திருச்சி)
ஞாயிறு, மாலை 5.12

சொல்றேன் தம்பி. மெஷ் நல்ல பொருள், நானே நிறைய வீட்டுல போட்டிருக்கேன். ஆனா கம்பி இல்லாம வச்சா அதுவும் ரிப்பீட்டருக்குப் பட்டுச் சட்டை போட்ட மாதிரிதான். பெட்டிக்குப் பெட்டி காத்துலதானே பேசிக்குது? சதுரமான வீட்டுல நடுவுல தாய்ப் பெட்டியை வச்சு ரெண்டு பக்கமும் குட்டிப் பெட்டியை வச்சா ஒரே தாவல்ல முடிஞ்சிடும். இவர் வீடு ரயில் பெட்டி. முதல் பெட்டி ரெண்டாவதுக்கு, ரெண்டாவது மூணாவதுக்குன்னு சங்கிலி. ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் தேயும். பெட்டிகள் பேசிக்க மூணாவது ரேடியோ தனியா இருக்கற உசந்த ரகம் வாங்கினா தேய்மானம் குறையும், ஆனா விலை ஏறும். அந்த மெஷ் பெட்டிகளையே கேபிள்ல கோத்தா பிரமாதமா ஓடும். சரி, கேபிள் போட்டாச்சுன்னா அப்புறம் மெஷ் எதுக்கு, கம்பியில வர்ற நெட்டை வைஃபையாக் குடுக்கற சாதா ஆக்சஸ் பாயிண்டே போதுமே? அதான் என் கேள்வி.

கொல்லைப்புறத்தான் தம்பி, உங்க வீட்டுக்கு நான் வந்திருந்தா முதல்ல மோடத்தை நகர்த்தியிருப்பேன். ரேழியில யார் வைஃபை பார்க்கப் போறா, செருப்பா? பாதி சிக்னல் தெருவுக்குப் போகுது. முற்றத்துப் பின்தாழ்வாரத்துல மாட்டினா கூடம், ரெண்டாம் கட்டு, அடுக்களை மூணும் ஒரே மோடத்துல முடியும். அங்கேர்ந்து உங்க ரூமுக்கு மட்டும் ஒரு கேபிள், அந்த முனையில ஒரு ஆக்சஸ் பாயிண்ட்.

ஃபைபரை நீட்டறது ஒண்ணும் மலை இல்ல. ரெண்டு முனையிலயும் பச்சை கனெக்டர் போட்ட ரெடிமேட் பேட்ச் கார்டு 20 மீட்டர் கிடைக்கும், எஸ்சி ஏபிசின்னு கேளுங்க. நீலம் வாங்கிடாதீங்க, அது வேற, ரெண்டும் சேராது. கூட ரெண்டு ஃபைபர் முனையைக் கோக்கற கப்ளர் ஒண்ணு. பிரவுசர்ல மோடத்தோட செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபர்ல வர்ற ஒளியோட பலம், எவ்வளவு வாங்குதுன்னு முன்னாடியே பார்த்துக்கங்க. மைனஸ் 20, 22-ன்னா தாராளம். மைனஸ் 27-க்கிட்ட ஏற்கெனவே நிக்குதுன்னா தொடாதீங்க, சிவப்பு லைட் எரிஞ்சு உக்காந்துக்கும். அப்புறம் நிலைக் கதவு மூலையில மடக்கி ஒடிக்காம, வளையல் மாதிரி வளைச்சு விடுங்க. அது கண்ணாடி.


மாடித்தோட்டம் (கோயம்புத்தூர்)
ஞாயிறு, இரவு 8.30

கேபிளே இழுக்காம கரன்ட் லைன் வழியா நெட் கொண்டுபோற பவர்லைன் அடாப்டர் பத்தி யாருமே பேசலைங்களே. நான் ஒண்ணரை வருசம் வச்சிருந்தேன், அனுபவத்தைச் சொல்லிடறேனுங்க.

பெட்டியில 600-னு போட்டிருக்கும், எங்க வீட்டுல 60-தான் வந்துச்சு. அதுவும் பரவால்லைங்க, மாடிக்கு அது போதும். ஆனா அடுப்படியில மிக்சி போட்டா இணைப்பு ஆட்டம் காணும். காலைல சட்னி அரைக்கற நேரம்தான் பையனுக்கு ஆன்லைன் கிளாஸ். அப்புறம் முக்கியமான ஒண்ணு, எங்க வீடு திரீ ஃபேஸுங்க. ஒரு அடாப்டர் ஒரு ஃபேஸ்லயும் இன்னொண்ணு வேற ஃபேஸ்லயும் மாட்டினா ஒண்ணையொண்ணு பார்க்கவே மாட்டேங்குது. எலக்ட்ரீஷியனை வச்சு ஒரே ஃபேஸுக்கு மாத்தினோம். ஸ்பைக் பஸ்டர்ல சொருகினாலும் வேலைக்கு ஆகாது, நேரா சுவத்து பிளக்குலதான் சொருகோணும்.

கடைசியில கேபிள்தானுங்க போட்டோம். கொல்லைப்புறத்தான் தம்பி, உங்க பழைய வீட்டு வயரிங் எப்படின்னு தெரியாது. அதனால இதை நம்பி இறங்காதீங்க.


கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
ஞாயிறு, இரவு 9.15

நன்றிக்கா. எங்க வீட்டு வயரிங்கைப் பார்த்தா மரச்சட்டத்துல கிளிப் அடிச்சு ஓடுது. அதுகிட்ட நெட்டைக் குடுத்தா வேட்டியில சுத்தித் திருப்பிக் குடுக்கும்.

கேபிள்னு முடிவு பண்ணிட்டேன். எந்த வழியா எடுக்கறது? மொட்டை மாடி வழியா எடுத்தா நேர்க்கோடு, சுலபம்.


எதிரொலி (திருநெல்வேலி)
திங்கள், காலை 6.50

மொட்டை மாடி வேண்டாம். என் சொந்த அனுபவம். ஓர் ஐப்பசியில் எங்கள் வீட்டு மாடியில் திறந்தவெளியாக ஓடிய 30 மீட்டர் செம்புக் கேபிள். இடி எங்கள் வீட்டில் விழவில்லை, எங்கோ அருகில் விழுந்தது. ஆனாலும் கேபிளின் இருமுனையிலும் இருந்த போர்ட்டுகள் கருகின. ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்த டிவி பெட்டியும் கூடவே போயிற்று. நீண்ட செம்புக் கம்பி மின்னலுக்கு ஆன்டெனா. மின்னல் காலம் உள்ள ஊரில் கட்டடத்துக்குக் கட்டடம் போவதானால் ஃபைபர்தான் உத்தமம், கண்ணாடியில் மின்சாரம் பாயாது. உங்களுடையது ஒரே கூரையின்கீழ் இருப்பதால் தாழ்வாரத்தின் உட்புறமாகவே கொண்டுபோங்கள். வெயிலும் படாது. வீட்டுக்குள் போடும் சாதாரணக் கேபிளின் உறை வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெடித்து உதிரும்.

மின்வயர் ஓடும் அதே குழாயில் திணிக்காதீர்கள். பக்கத்திலேயே இணையாகப் போகவேண்டி வந்தால் ஒரு முழ இடைவெளியாவது விடுங்கள். குறுக்கே தாண்டவேண்டி வந்தால் நேர்க்குறுக்காகத் தாண்டுங்கள்.


ஏணி (திருச்சி)
திங்கள், காலை 8.05

ஐயா சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. கடையில "கேட் 6" நெட்வொர்க் கேபிள்னு கேட்டா நிறைய பேர் செம்பு பூசின அலுமினியத்தைக் கட்டிடுவாங்க. பிளேடால கம்பியைச் சுரண்டுங்க. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம், திருப்பிக் குடுத்துடுங்க. முழுச் செம்புன்னா சுரண்டச் சுரண்டச் சிவப்புதான். கையில தூக்கினாலே வித்தியாசம் தெரியும். 305 மீட்டர் பெட்டியா வாங்க வேண்டியதில்ல, வெட்டி மீட்டர் கணக்குல தருவாங்க. 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிகாபிட் ஓடும், உங்களுக்கு அதுல பாதி கூட வேண்டாம்.

காரைச் சுவத்தைத் துளைக்காதீங்க, ஒன்றரை அடி இருக்கும், துளைச்சா இன்னொரு பக்கம் பெயர்ந்து விழும். நிலைக்கு மேல வென்டிலேட்டர் இருக்கும் பாருங்க, அது வழியா.


கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
வியாழன், இரவு 10.20

விஷயம் பாதி முடிஞ்சுது, பாதி நாசம்.

மோடத்தைத் தாழ்வாரத்துக்கு மாத்தியாச்சு. பவர் மைனஸ் 21 இருந்தது, மாத்தினப்புறம் மைனஸ் 21.6. அடுக்களையில பாட்டி யூட்யூப்ல உபன்யாசம் கேக்கறாங்க, 5-லயே. கேபிளும் என் ரூம் வரைக்கும் வந்தாச்சு, 38 மீட்டர்.

ஆக்சஸ் பாயிண்ட் இன்னும் வாங்கல. இருக்கற ரிப்பீட்டர்லயே ஒரு லேன் ஓட்டை இருக்கேன்னு அதுல கேபிளைச் சொருகினேன். ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு. அப்புறம் வீடே செத்துப்போச்சு. பெரியப்பா டிவி நின்னுது, மோடத்துல எல்லா லைட்டும் ஒரே வெறியா மினுக்குது. கேபிளைப் பிடுங்கினா சரியாயிடுது, சொருகினா போச்சு. பெட்டி ஏதாவது புகைஞ்சிடுச்சா?


ஏணி (திருச்சி)
வியாழன், இரவு 10.34

ஒண்ணும் புகையல, பயப்படாதீங்க. ரிப்பீட்டர் இன்னும் ரிப்பீட்டர் மோடுலயே இருக்கு. மோடத்துக்கு ஒரு வழி காத்துல, இன்னொரு வழி கம்பியில. கம்பியில வந்த பாக்கெட்டைக் காத்துல திருப்பி விடுது, மோடம் அதைப் புதுசுன்னு நெனச்சு மறுபடி கம்பியில அனுப்புது. இந்தப் பாக்கெட்டுக்கு (ஈதர்நெட் ஃபிரேம்னு பேரு) இத்தனை சுத்துக்கு மேல செத்துடணும்னு கணக்கு இல்ல. சுத்திக்கிட்டே பெருகும். பெரிய ஆஃபீஸ் ஸ்விட்ச்சுல இதைக் கண்டுபிடிச்சு ஒரு வழியை அடைக்கற ஏற்பாடு உண்டு. வீட்டுப் பெட்டிகள்ல பெரும்பாலும் அது ஓடாது.

ரிப்பீட்டர் செட்டிங்ஸ்ல போய் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்துங்க. அப்ப காத்து வழி அடைஞ்சிடும், கம்பி மட்டும்.

ஆனா அந்தப் பொடிப் பெட்டியோட லேன் ஓட்டை 100 எம்பிபிஎஸ்-தான் இருக்கும், வைஃபையும் 2.4 மட்டும். வீட்டுல பழைய ரவுட்டர் ஏதாவது கிடக்குதா, ரெண்டு பட்டை, ஜிகாபிட் போர்ட்டு உள்ளது?


கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
வியாழன், இரவு 10.50

ஹாஸ்டல்ல இருந்தப்ப வாங்கினது ஒண்ணு பரண்ல இருக்கு. டிபி-லிங்க், ரெண்டு பட்டை. ஜிகாபிட்னு அடியில ஒட்டியிருக்கு. ஆனா அதுல ஆக்சஸ் பாயிண்ட் மோடுன்னு தனியா இல்லையே?


ஏணி (திருச்சி)
வியாழன், இரவு 11.08

இல்லாட்டி என்ன, நாமளே ஆக்கிடலாம். முதல்ல அதை ரீசெட் பண்ணி லேப்டாப்பை மட்டும் அதுல கோத்து உள்ள போங்க. உங்க மோடம் 192.168.1.1-னா இதுக்கு லேன் முகவரியை 192.168.1.2-ன்னு குடுங்க. மோடம் ஃபோன்களுக்குப் பங்கிடற முகவரி வரிசையில அந்த 2 வரக்கூடாது, அதையும் பார்த்துக்கங்க. அப்புறம் டிஎச்சிபியை அணைங்க, அதுதான் ஃபோன்களுக்கு முகவரி பங்கிடற வேலை. இதை மறந்தீங்கன்னா ரெண்டு பேரும் முகவரி பங்கிடுவாங்க, பாதி ஃபோனுக்கு நெட் வரும், பாதிக்கு வராது, எது ஏன்னே புரியாது. கடைசியா கேபிளை லேன் ஓட்டையில சொருகுங்க. நீலமா, தனியா இருக்கும் பாருங்க, வெளியிலேர்ந்து நெட் வாங்கற வேன் (WAN) ஓட்டை, அதை டேப் போட்டு மூடிடுங்க. அதுல சொருகினா அது தனி வீடு கட்டிக்கும். கீழ பிரிண்டர் ஏதாவது இருந்தா உங்க ரூம்லேர்ந்து தெரியாது.


வாடகைவீடு (சென்னை, வேளச்சேரி)
வெள்ளி, காலை 9.20

வைஃபை பேரு ஒண்ணா வைக்கணுமா, வேறயாவா? நான் வேற வேறயா வச்சிருக்கேன், எதுல இருக்கோம்னு தெரியுமே.


எதிரொலி (திருநெல்வேலி)
வெள்ளி, காலை 10.05

வீட்டுக்குள் நடமாடுபவருக்கு ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை. அப்போதுதான் கைப்பேசி தானாக மாறும். ஆனால் எப்போது மாறுவது என்பதைக் கைப்பேசிதான் தீர்மானிக்கிறது, ரவுட்டர் அல்ல. சில கைப்பேசிகள் மைனஸ் 80 வந்தாலும் பழைய பெட்டியை விடாமல் தொங்கும். அதற்கு மருந்து, பெட்டிகளின் 2.4 திறனைக் குறைப்பது. பலரும் நேர்மாறாகத் திறனைக் கூட்டப் பார்க்கிறார்கள். ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் கைப்பேசியின் குரல் சன்னமானதுதான். அது சொல்வது ரவுட்டருக்குக் கேட்காவிட்டால் கத்தி என்ன பயன்?

2.4-இல் ஒரு பெட்டிக்குச் சானல் 1, மற்றதற்கு 6 அல்லது 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். கும்பகோணத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர், பக்கத்து வீட்டார் எதில் இருக்கிறார்கள் என்று பார்த்து எஞ்சியதை எடுங்கள். 5-க்கு நம் நாட்டில் 2018-இல் உரிமம் தேவையில்லாத பகுதியை நிறைய விரித்துவிட்டார்கள், அங்கே நெரிசல் குறைவு.


கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
சனி, இரவு 7.45

எல்லாம் ஓடுது! மாடி ரூம்ல 5-ல மைனஸ் 41. சுத்தல் இல்ல, பிரிண்டர் தெரியுது. ஜன்னலையும் மூடிட்டேன், கொசுவலை அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

ஒரே ஒரு உறுத்தல். வேகம் சரியா 94. எத்தனை தடவை பார்த்தாலும் 94, 93, 94. தாழ்வாரத்துல 190 வருது. பழைய ரவுட்டரோட லட்சணம் அவ்வளவுதானா?


ஏணி (திருச்சி)
சனி, இரவு 7.52

94-ல நச்சுனு நின்னா வைஃபை குத்தம் இல்ல. கேபிள் 100-லதான் கைகுலுக்கியிருக்கு. முனையில கனெக்டரை வச்சு அமுக்கினது, க்ரிம்ப் பண்ணினது, யார்?


கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
சனி, இரவு 7.55

நான்தான்... யூட்யூப் பார்த்து.


ஏணி (திருச்சி)
சனி, இரவு 8.03

அதான். 100-க்கு 1, 2, 3, 6 நாலு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நாலு ஒழுங்கா நிக்குது, மீதியில ஏதோ ஒண்ணு முனை வரைக்கும் போகல. ரெண்டு முனையையும் வெட்டிட்டு மறுபடி பண்ணுங்க. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு பக்கமும் இதே வரிசை. எட்டையும் சமமா வெட்டி, கனெக்டரோட நுனியில எட்டுச் செம்புப் புள்ளியும் தெரிஞ்ச அப்புறம்தான் அமுக்கணும். வெளி உறையும் கனெக்டருக்குள்ள கொஞ்சம் போயிருக்கணும், இல்லாட்டி இழுத்தா கையோட வரும்.


கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
சனி, இரவு 9.30

தாழ்வாரத்து முனையில பிரவுன் ரெண்டு மில்லிமீட்டர் குட்டை. மறுபடி பண்ணினேன், மூணு கனெக்டர் வீணாச்சு. இப்ப மாடி ரூம்ல 188.

அண்ணே, இன்னொண்ணு. மாசாந்திர மின்தடை அன்னைக்கு மோடம் கூடத்து இன்வெர்ட்டர்ல ஓடும், மாடி ரூம் பிளக் இன்வெர்ட்டர்ல இல்ல. லேப்டாப் ஓடும், ரவுட்டர் ஓடாது.


ஏணி (திருச்சி)
சனி, இரவு 9.41

ரவுட்டர் அடாப்டர்ல 12 வோல்ட்னு போட்டிருந்தா அதுக்குன்னு குட்டி யுபிஎஸ் கிடைக்குது, கைக்கு அடக்கமா. ஆம்பியர் அடாப்டருக்குச் சமமாவோ கூடவோ இருக்கணும். பின்னோட ப்ளஸ் உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு படம் போட்டிருக்கும், ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு பார்த்து வாங்குங்க. சில ரவுட்டர் 9 வோல்ட், அதுக்கு 12 குடுத்து அடுத்த வாரம் வந்து அழாதீங்க.


வாடகைவீடு (சென்னை, வேளச்சேரி)
சனி, இரவு 10.15

கொல்லைப்புறத்தான், அந்த ரிப்பீட்டர் சும்மாதானே கிடக்கு? பாதி விலைக்குத் தர்றீங்களா? என் தங்கச்சி வீட்டுக்கு வேணும், அவளுக்கும் ஆணி அடிக்க அனுமதி இல்ல.


கொல்லைப்புறத்தான் (கும்பகோணம்)
சனி, இரவு 10.22

லேட் பண்ணிட்டீங்களே. பெரியப்பா திண்ணையில உக்காந்து பேப்பர் படிக்கறவர், மோடத்தை உள்ள நகர்த்தினதுலேர்ந்து அங்க சிக்னல் வரலைன்னு சாயங்காலம் பூரா முறைச்சுக்கிட்டிருந்தார். அதைக் கூடத்து வாசல் பக்கம் மாட்டிட்டேன். நடுவுலதான் வச்சிருக்கேன் ஏணி அண்ணே, அளந்து பார்த்துத்தான். மைனஸ் 55.